கால்வாசி

பத்துக்கு எத்தனை வலி என்று கேட்டார் டாக்டர் நோர்ஹயாத்தி.
சிலிம் ரிவர் மருத்துவமனை, நான்காம் அறை.
மேசை விளக்கின் கீழே
வெந்த நண்டு நிறத்தில் என் இரண்டு பாதங்கள்.

எண் சொல்லத் தெரியாதவள் இல்லை நான்.
பதினேழு வருடமாகச் செம்பனை ஆலை வாசலில்
லோரி எடை போடுகிறவள்.
குலையோடு உள்ளே வரும்போது எவ்வளவு,
கொட்டிவிட்டுத் திரும்பும்போது எவ்வளவு,
கழித்தால் மிஞ்சுவதுதான் எங்கள் கணக்கில் உண்மை.
இதில் மட்டும்
எதிலிருந்து எதைக் கழிப்பது?

கால்வாசி, என்றேன்.
என்னில் கால்வாசி எரிகிறது,
மிச்ச முக்கால் அதற்குக் காவல் இருக்கிறது.

அவருக்குத் தமிழ் தெரியாது.
மலாயில் கால்வாசிக்குச் ‘சுக்கு’.
சுக்கு, டாக்டர், என்றேன்.
பத்துக்கு இரண்டரை என்று எழுதிக்கொண்டார்.

(அடுத்த வீட்டுப் பாக்கியலெட்சுமி அரைத்துப் பூசச் சொன்னதும்
சுக்குதான்.
பூசிய இரவைப் பற்றி
இங்கே எழுதப்போவதில்லை.)

காலையில் மங்குஸ்தான் தோல் நிறம்.
பதினொரு மணிக்கு ஆலைக் கூரைத் தகரம் சூடேறச் சூடேறச்
சிவப்பு வரும்,
விரல் நுனியில் தொடங்கிக் கணுக்கால்வரை,
யாரோ உள்ளே அடுப்பு ஊதுவதுபோல.

பீடோரில் ஒரு கல்யாணத்தில்
மருதாணியா, எந்தக் கடை, என்றாள் ஒருத்தி.
எத்தனை பாட்டில் எத்தனை சேவடி!
சிவந்த அடி, சிறிய அடி, தாமரை அடி.
எரியுதா என்று
ஒரு புலவராவது கேட்டாரா?

எடைக் கூண்டில் மேசைக்குக் கீழே
எனக்கு ஒரு வாளி இருந்தது.
மீன் கடை ஆ லோய் தினமும் ஒரு பை ஐஸ் தருவார்,
கெம்போங் வாடையோடு.
லோரிக்காரர்கள் என் மேல்முக்காலுக்கு வணக்கம் சொல்லி
ரசீது வாங்கிப் போவார்கள்.
மேலே வியர்க்கும்.
கீழே நான் வேறு நாட்டில் இருப்பேன்.

அதையும் நிறுத்தச் சொல்லிவிட்டார் டாக்டர்.
ஊறி ஊறித் தோல் கழன்றுவிடும், புண் வந்தால் ஆறாதாம்.
சுகம் தந்த ஒன்றே ஒன்றும்
கெடுதல் பட்டியலில் சேர்ந்தது.
வாளியில் இப்போது துடைப்பம் நிற்கிறது.

வீட்டில் காற்றாடி ஒன்றுதான்.
கழுத்துப் பல் உடைந்தது, ஒரே பக்கம் பார்க்கும்,
அதுவும் தலைமாட்டுப் பக்கம்.
அதனால் நான் தலைகீழாகப் படுக்கிறேன்:
மதியழகன் முகத்துக்குப் பக்கத்தில் என் பாதங்கள்.

கால் தெரியாமல் பட்டாலும்
தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் வீட்டில் வளர்ந்தவள்.
முதல் மாதம் நடுவில் தலையணை வைத்தேன்.
தலையணை சூடு பிடித்தது. எடுத்துவிட்டேன்.

போன வாரம் மழை, மூன்று மணிக்குக் கரண்ட் போனது.
காற்றாடி நின்றதும் விழித்துக்கொண்டன இரண்டும்.
சத்தம் போடாமல்தான் இருந்தேன்.
இருட்டில் அவர் குரல்:
“எங்க இருக்குனு தேடவே வேணாம் போல,
முகத்துல அடிக்குது.”
சுவரிலிருந்து காலண்டரைக் கழற்றி விசிறினார்.
விசிறினார்.
இடையில் ஒருமுறை குறட்டை. மறுபடி விசிறினார்.

பிறகு கை ஓய்ந்து
காலண்டர் விழுந்தது என் வலது பாதத்தில்.
போர்வை நுனி பட்டாலே தாங்காத பாதம்.
கத்திவிட்டேன்.

பதறி எழுந்தவர் தூக்கக் கலக்கத்தில்
என் பாதத்தைத் தொட்டு
இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார்.
யார் கால் யார் மேல் பட்டதென்று
கணக்குத் தவறிவிட்டது அவருக்கு.

அவர் விரல் பட்ட இடம்
வெகுநேரம் எரிந்தது.
சொல்லவில்லை.